பழைய கிடார் ஆம்ப்ளிஃபயரும் 'ஒரிஜினல்' பைத்தியமும்

பி.காம் படிக்கிறவனுக்கு வால்வு ஆம்ப்ளிஃபயரில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். தேய்மானம் என்று எங்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

1963-இல் அமெரிக்காவின் ஃபென்டர் கம்பெனி 'டீலக்ஸ் ரிவெர்ப்' என்ற கிடார் ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுவந்தது. 22 வாட், ஒரே ஒரு 12 அங்குல ஸ்பீக்கர். 1965 ஜனவரியில் லியோ ஃபென்டர் கம்பெனியை சிபிஎஸ் நிறுவனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார். அதற்கு முந்தைய பெட்டிகளுக்கு இன்றைக்குத் தனி மவுசு. வாங்க வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "உள்ளே எல்லாம் ஒரிஜினலா?"

என்னைக் கேட்டால், எல்லாம் ஒரிஜினல் என்றால் அந்தப் பெட்டியை ஆன் செய்யவே கூடாது.

முதலில் ஃபில்டர் கெபாசிட்டர்கள். இவற்றுக்குள் இருக்கும் ஈர ரசாயனம் வருஷக்கணக்கில் காய்ந்துபோகிறது. அப்புறம் டிசி மின்சாரத்தில் இருக்கும் அலையை இவற்றால் மட்டுப்படுத்த முடியாது. அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்பதால் ஸ்பீக்கரில் அதன் இரண்டு மடங்கு, 120 ஹெர்ட்ஸில் உறுமல் கேட்கும். கண்டுகொள்ளாமல் விட்டால் ஒருநாள் ஷார்ட் ஆகி, பவர் டிரான்ஸ்ஃபார்மரையும் கூடவே கொண்டுபோய்விடும். சில டாலர் பெறுமான பொருளைக் காப்பாற்றப்போய் உண்மையான சொத்தை இழக்கிற கணக்கு இது! கெபாசிட்டர் காரின் டயர் மாதிரி. 1964 டயரோடு யாராவது காரை ஓட்டுவார்களா?

அடுத்தது பவர் ஒயர். அந்தக் காலத்தில் இரண்டு கம்பி மட்டும்தான், எர்த் கிடையாது. மின் இணைப்பிலிருந்து சேஸிஸுக்கு ஒரு சின்ன கெபாசிட்டர் போகும். அது ஷார்ட் ஆனால் 120 வோல்ட் நேராக கிடார் கம்பிக்கே வந்து சேரலாம். மெக்கானிக்குகள் அதற்கு வைத்திருக்கும் பெயரே 'மரண கெபாசிட்டர்'. அதை எடுத்துவிட்டு மூன்று பின் ஒயர் போடுவதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

சத்தம் வந்தால் உடனே வால்வை மாற்றுவது இன்னொரு பழக்கம். அறுபதுகளில் அமெரிக்க மருந்துக்கடைகளில்கூட வால்வு சோதிக்கும் இயந்திரம் இருந்ததாம், அந்தக் காலத்து மிச்சம் போல. வால்வும் கெடும்தான், ஆனால் மாற்றுவதற்கு முன் யோசிக்கலாம். ஸ்விட்சை அணைத்து, சூடு ஆறியதும், பவர் வால்வுகளை ஒட்டியிருக்கும் சின்ன வால்வைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். உறுமல் அப்படியே இருந்தால் கோளாறு பவர் வால்வுகளிலோ மின்சாரம் வழங்கும் பகுதியிலோ இருக்கிறது. நின்றுவிட்டால் அந்த வால்விலோ அதற்கு முன்னாலோ. ஒரு பைசா செலவில்லாமல் பாதிப் பெட்டி கணக்கிலிருந்து கழிந்துவிடும்.

ஒரிஜினல் கட்சிக்காரர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர் இரண்டையும் காரணமில்லாமல் மாற்றுவது அநியாயம். கழற்றிய பழைய கெபாசிட்டர்களை ஒரு கவரில் போட்டு, அடுத்து வாங்குகிறவரிடம் பெட்டியோடு கொடுத்துவிட்டால் அவருக்கும் திருப்தி :-)

இதைப் படித்துவிட்டு யாரும் ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்துவிட வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 400 வோல்ட்வரை தேங்கி நிற்கலாம். ரெசிஸ்டர் வைத்து அதை வடித்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகுதான் மெக்கானிக்கே கை வைப்பார்.