எந்தப் படியில் நிற்பது?

இரண்டு கணிப்பொறிகளைப் பேசவைக்க நிரல் எழுத விரும்புகிறீர்களா? வழிகள் இரண்டு உண்டு. பைத்தான் மொழியின் 'ரிக்வெஸ்ட்ஸ்' போன்ற மேல்மட்டக் கருவியில் ஓரிரு வரிகளில் வேலை முடிந்துவிடும். 1983-இல் பெர்க்லி யூனிக்ஸில் வெளிவந்த 'சாக்கெட்' கீழ்மட்டக் கருவி. அதில் இணைப்பு, அனுப்புதல், பெறுதல், பிழை அனைத்தையும் நாமே கவனிக்க வேண்டும்.

எது உயர்ந்தது என்று கேட்பதைவிட, வேலை என்ன என்று கேட்பதே முறை. நம் தேனி மாவட்டத்துப் பொட்டிபுரத்தில் திட்டமிடப்பட்ட நியூட்ரினோ ஆய்வகத்தை எண்ணிப் பாருங்கள். 2015-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தும் அது இன்னும் கட்டப்படவில்லை. அதன் வடிவமைப்பில் ஏறத்தாழ 28,800 உணர்கருவிகள். ஒவ்வொன்றும் ஈதர்நெட் வலையில் ஒரு முனை. அத்தகைய சிறு மின்னணு அட்டைக்குக் கீழ்மட்டமே பொருந்தும். முடிவுகளைத் திரையில் காட்டுவதற்கோ மேல்மட்டமே போதும்.

ஆகவே, மேல்மட்டத்தில் தொடங்குங்கள் என்பதே என் கருத்து. ஆனால் ஒருமுறையேனும் ஒரு படி கீழே இறங்கிப் பாருங்கள். லோயர் கேம்ப்பில் முல்லைப் பெரியாற்று நீரில் இரண்டு குடம் ஊற்றினால், உத்தமபாளையத்தில் அவை இரண்டு குடமாகவா வந்து சேரும்? டி.சி.பி. நெறிமுறையும் அத்தகையதே. பைட்டுகள் வரிசை மாறாமல் வரும். ஆனால் ஒரு செய்தி எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பது தெரியாது. அந்த எல்லையை நிரல்தான் குறிக்க வேண்டும். மேல்மட்டக் கருவி இவ்வேலையைச் செய்து, நம் கண்ணுக்கு மறைத்துவிடுகிறது. இதை அறியாதவர், கருவி தடுமாறும்போது கைகட்டி நிற்பார், அறிந்தவர் திருத்துவார்.