பஸ் ஸ்டாப்பை முதலில் பாருங்கள்



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இலுப்பூரில் இருந்தேன். எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு பையன். பையன் என்று பழக்கத்தில் சொல்கிறேன். வயது முப்பத்தைந்து, இரண்டு குழந்தைகளுக்கு அப்பா. சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்திருக்கிறது. குடும்பத்தோடு போகிறான். லேப்டாப்பைத் திறந்து இரண்டு வாடகை வீடுகளைக் காட்டினான். ஒன்று ஊருக்கு நடுவே, ஆபீசுக்குப் பக்கம், ஆனால் நெருக்கடி. இன்னொன்று வடகிழக்கே செங்காங்கில், ஒரு அறை கூடுதல், வாடகை குறைவு.

"நீங்க சொல்லுங்க மாமா, எதை எடுக்கலாம்?"

நான் வாயைத் திறக்குமுன் கூடத்தில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அவன் அப்பத்தா கேட்டார்: "பஸ்ஸு எங்கப்பா வந்து நிக்கும்?"

பையன் சிரித்துவிட்டான். "அப்பத்தா, அங்க ரயிலு இருக்கு" என்றான். "சரி, அந்த ரயிலு எங்க வந்து நிக்கும்?" என்றார் அவர், விடாமல்.

அந்தக் கேள்விக்காகத்தான் இந்த மாதப் பக்கம்.

எங்கள் பக்கத்தில் வெளிநாடு ஒன்றும் புதிதல்ல. புதுக்கோட்டை மாவட்டத்தில் சிங்கப்பூர், மலேசியா, துபாய் என்று ஆள் போகாத தெரு அபூர்வம். ஆனால் அந்தக் காலத்தில் போனவர்கள் தனியாகப் போனார்கள். இரண்டு வருடம் உழைத்துவிட்டு, பெட்டியில் கோடாலித் தைலமும் சாக்லேட்டுமாக வந்து இறங்கினார்கள். எங்கே தங்குவது என்ற கேள்வியே அவர்களுக்கு இருந்ததில்லை. கம்பெனி எந்தக் கட்டிலைக் காட்டியதோ, அதுதான் வீடு. இன்றைக்கும் சிங்கப்பூரில் வொர்க் பெர்மிட்டில் போகிறவர் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது.

இப்போது வேறு வகை அனுமதியில் மனைவி, பிள்ளைகளோடு கிளம்புகிறவர்களும் நிறைய. திருச்சி விமான நிலையத்தில் 2024-ல் திறந்த புதிய முனையத்துக்குப் போய்ப் பாருங்கள், ஸ்கூல் பையோடு நிற்கும் குழந்தைகள் கண்ணில் படுவார்கள். வீடு தேடும் தலைவலியும் அவர்களோடு விமானம் ஏறுகிறது. நகரத்துக்குள்ளே சின்ன வீடா, புறநகரில் பெரிய வீடா?

இதற்குப் பெரும்பாலான குடும்பங்கள் எப்படி முடிவெடுக்கின்றன? வேலைக்குப் போகிறவரை வைத்து. அவர் ஆபீஸ் எங்கே, அவர் போக எத்தனை நிமிடம், அவர் சம்பளத்தில் வாடகை எவ்வளவு. கணக்கு முழுக்க அவர்தான். அவரோ காலையில் எட்டு மணிக்குக் கிளம்பி ராத்திரி ஏழு மணிக்கு வருகிறவர். அந்த வீட்டில் பகல் முழுக்க இருக்கப்போவது யார்? அவரை யாராவது கேட்டோமா?

இதைப் புரிந்துகொள்ள வெளிநாட்டுக்கே போக வேண்டியதில்லை. வெளிநாட்டுப் பணத்தில் நம் ஊர்களுக்கு வெளியே மனைப் பிரிவுகளில் எழும்பிய வீடுகளைப் பாருங்கள். கிரானைட் தரை, மாடியில் பால்கனி, வாசலில் பெரிய கேட். கட்டியவர் அபுதாபியில் இருக்கிறார். உள்ளே இருக்கிற பெண் ஒரு பாக்கெட் பால் வாங்கவும் ஆட்டோவுக்குப் போன் போடுகிறார். 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஓட்டு வீட்டில் இருக்கிற அக்கா இலவசமாகப் போய் வருகிறார். பங்களாக்காரர் ஆட்டோவுக்கு நூறு ரூபாய் கொடுக்கிறார். யார் வசதியானவர், சொல்லுங்கள்?

வீட்டை நடந்துதான் அளக்க வேண்டும் என்பது என் கட்சி. வண்டி ஓட்டாதவர் நடந்து எவ்வளவு தூரம் போய்வர முடியுமோ, அதுதான் அந்த வீட்டின் உண்மையான பரப்பு. ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிற சதுர அடி அப்புறம்.

என் தங்கை குடும்பம் எட்டு வருடம் ஷார்ஜாவில் இருந்தது. மாப்பிள்ளைக்கு வேலை துபாயில். இது அங்கே நம்மவர்கள் பலரும் செய்வதுதான். துபாயில் வாடகை கூடுதல், ஷார்ஜாவில் குறைவு. அமீரகத்தில் குடும்பத்தை அழைத்துக்கொள்ள மாதம் 4,000 திர்ஹாம் சம்பளம் வேண்டும். கம்பெனி வீடு கொடுத்தால் 3,000 போதும். அந்த விளிம்பில் சம்பாதிக்கிறவருக்கு ஷார்ஜாவை விட்டால் அதிகம் போக்கிடம் இல்லை. வாடகையை மாதாமாதம் கொடுப்பதும் அங்கே வழக்கமில்லை. வருட வாடகையை இரண்டு, நான்கு என்று பின்தேதியிட்ட காசோலைகளாக முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். வீடு பிடிக்கவில்லை என்று அடுத்த மாதமே பெட்டியைக் கட்ட முடியாது.

சேமித்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் துபாய் மெட்ரோ 2009-ல் தொடங்கி வளர்ந்துகொண்டே இருந்தாலும் ஷார்ஜாவுக்குள் வரவில்லை. பச்சைத் தடம் குசைஸ் பக்கம் எல்லைக்கு அருகிலேயே நின்றுவிடுகிறது. மாப்பிள்ளை காலை ஆறு மணிக்குக் காரை எடுத்தால்தான் நெரிசலுக்கு முந்தலாம். போக வர மூன்று மணி நேரம். மாதம் 22 நாள் வேலை என்றால் 66 மணி நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி. கிட்டத்தட்ட மூன்று முழு நாட்கள்! வாடகையில் மிச்சம் பிடித்ததை எழுதி வைத்த நோட்டில் இந்த மூன்று நாட்களுக்குக் கட்டமே இல்லை.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், தங்கைக்கு ஷார்ஜா பிடித்திருந்தது. மாடியை விட்டு இறங்கினால் மளிகைக்கடை, எதிரே மருந்துக்கடை, பிள்ளைகளை ஸ்கூல் பஸ் வாசலில் வந்து ஏற்றும், பக்கத்துக் கட்டடத்தில் அறந்தாங்கிக்காரக் குடும்பம். கஷ்டம் மாப்பிள்ளைக்குத்தான். பிறகு துபாயிலேயே புதிதாக உருவான ஒரு குடியிருப்புக்கு மாறினார்கள். அவருக்குப் பயணம் பாதியானது. அவளுக்கோ சுற்றிலும் மணலும் பெரிய சாலையும். நாலு மாதத்தில் போனில் குரலே மாறிவிட்டது. "அண்ணே, இங்க மனுஷ மூஞ்சி பாக்கணும்னா லிப்ட்டுலதான்" என்றாள். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. ஊர்ப் பெயரில் ஒன்றுமில்லை. ஷார்ஜா புறநகர் மாதிரிதான், ஆனால் அவளுக்கு அது நகரமாக இருந்தது. துபாய் பெருநகரம்தான், ஆனால் அவள் இருந்த இடம் காடு.

சரி, நம் இலுப்பூர்ப் பையன் போகிற சிங்கப்பூருக்கு வருவோம்.

முதலில் அளவு. அந்தத் தீவு கிழக்கு மேற்காகச் சுமார் 50 கிலோமீட்டர். நம் திருச்சி–புதுக்கோட்டை தூரம்தான். அங்கே 'வெகு தூரத்துப் புறநகர்' என்று சொல்வதெல்லாம் நமக்கு விராலிமலை மாதிரி. அங்குள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் அரசு கட்டிய அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960-ல் தொடங்கியது. அங்குள்ள தமிழர்கள் சுருக்கமாக 'வீவக' என்பார்கள். ஒவ்வொரு புதுநகரிலும் சந்தை, உணவங்காடி, கிளினிக், பள்ளி, ரயில் நிலையம் எல்லாம் சேர்த்தே திட்டமிட்டார்கள். அடுக்குமாடியின் கீழ்த்தளத்தைத் திறந்தவெளியாக விட்டிருக்கிறார்கள். கல்யாணமும் அங்கே நடக்கும், சாவும் அங்கே நடக்கும். பெரியவர்கள் உட்கார்ந்து பொழுதைப் போக்குவதும் அங்கேதான். நம் ஊர்த் திண்ணையை அடுக்குமாடிக்குக் கீழே கொண்டுபோய் வைத்தது போல.

செங்காங்கிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு ஒரே ரயில், மாற வேண்டியதில்லை. 2003-ல் திறந்த வடகிழக்குத் தடம். அங்குள்ள தேக்கா சந்தையில் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு அதே ரயிலில் வீட்டுக்குத் திரும்பலாம். அங்கே புறநகரில் வீடு எடுப்பதால் நம் வீட்டுப் பெண்களுக்குப் பெரிய இழப்பு இல்லை என்றே சொல்வேன்.

ஒன்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும். 1989 முதல் வீவக கட்டடங்களில் இன விகிதாசாரக் கொள்கை இருக்கிறது. ஒரே கட்டடத்தில் ஒரே இனத்தவர் கூடிவிடாதபடி அளவு வைத்திருக்கிறார்கள். ஆகவே 'நம்ம ஆளுங்க மட்டும் இருக்கிற பிளாக்' என்று தேடினால் கிடைக்காது. பக்கத்து வீட்டில் சீனப் பாட்டி இருப்பார், எதிர்வீட்டில் மலாய்க் குடும்பம் இருக்கும். இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை என்பேன் நான்.

மனைவியின் வேலை விஷயத்தையும் கிளம்புமுன் பேசிவிடுங்கள். குடும்பத்தை அழைத்துப்போக அங்கே மாதம் குறைந்தது 6,000 வெள்ளி சம்பளம் வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். 2021 மே மாதம் முதல் குடும்பத்தினருக்கான 'டிபெண்டன்ட் பாஸ்' அனுமதியில் போகிறவர் வேலை பார்க்க வேண்டுமானால் தனக்கென்று தனியாக வேலை அனுமதி வாங்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. இங்கே பேங்க் வேலையை விட்டுவிட்டு 'அங்கே போய்ப் பார்த்துக்கலாம்' என்று கிளம்புகிற பெண்கள் இருக்கிறார்கள். போய்ப் பார்த்தால் பகல் முழுக்க வீடு. அப்படி இருக்கப்போகிறவருக்கு எந்தத் தெரு, எந்த ரயில் என்பது சின்ன விஷயமா?

அமெரிக்கா, கனடா வேறு கதை. அங்கே புறநகர் என்பதே காரை நம்பிக் கட்டப்பட்டது. அமெரிக்காவில் பள்ளிக்கூடத்துக்கான பணத்தில் கணிசமான பங்கு அந்தந்தப் பகுதியின் வீட்டு வரியிலிருந்து வருகிறது. அதனால் நல்ல பள்ளி என்றால் விலை கூடிய புறநகர் என்று ஒரு முடிச்சு விழுந்துவிடுகிறது. நம்மவர்கள் நியூஜெர்சி எடிசன் பக்கம் குவிந்ததில் பள்ளிக்கும் பங்கு உண்டு. பெண்கள் போன முதல் மாதமே டிரைவிங் படித்துவிடுவது நல்லது. இரண்டாவது கார் ஆடம்பரம் என்று கணவர் சொன்னால், ஒரு வாரம் அவரைக் கார் இல்லாமல் வீட்டில் இருக்கச் சொல்லுங்கள். பனிக்காலத்தில்!

டொரொண்டோவில் ஈழத் தமிழர்கள் 1983 கலவரத்துக்குப் பிறகு ஸ்கார்பரோவில் கூடினார்கள்; கையில் காசு சேர்ந்ததும் மார்க்கம், ஏஜாக்ஸ் என்று நகர்ந்தார்கள். வீடு பெரிதானது. டொரொண்டோ எல்லையைத் தாண்டினால் பஸ்ஸுக்கு இரண்டாவது டிக்கெட் என்ற நிலை 2024 பிப்ரவரியில்தான் மாறியது. அதுவரை மார்க்கத்துப் பாட்டி ஸ்கார்பரோத் தோழியைப் பார்க்க இரண்டு முறை காசு கொடுத்தார்.

கோயில், தமிழ்க்கடை பற்றியும் கேட்கிறார்கள். பக்கத்தில் பெரிய கோயில் வேண்டுமே என்ற கவலை. நியூயார்க்கில் பிளஷிங் பிள்ளையார் நகரத் தெருவில் இருக்கிறார். பிட்ஸ்பர்க் வெங்கடாசலபதி புறநகரக் குன்றில் இருக்கிறார். இரண்டுக்கும் கும்பாபிஷேகம் ஒரே ஆண்டு, 1977. சாமிகளே ஆளுக்கொரு பக்கம் வீடு எடுத்திருக்கிறார்கள்! பெரிய கோயில் பக்கத்தில் இல்லாவிட்டால் என்ன? ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்று சொல்லித்தானே வளர்ந்தோம், அதுவும் இலுப்பை மரத்தைப் பெயரிலேயே வைத்திருக்கிற ஊர்க்காரர்கள். கறிவேப்பிலை விற்கும் ஒரு கடையும், தீபாவளிக்குச் சேர்ந்து முறுக்குச் சுட நாலு குடும்பமும் போதும்.

இன்னொன்று. முதல் வீட்டை இங்கிருந்தே போட்டோ பார்த்து முடிவு செய்யாதீர்கள். போட்டோவில் எல்லா ஹாலும் பெரிதுதான். முடிந்தால் ஒருவர் முன்னால் போய் இரண்டு மாதம் இருக்கட்டும். பார்த்துவைத்த வீட்டுக்கு ஆபீஸ் முடிகிற நேரத்தில் ரயிலில் போய்ப் பார்க்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் அல்ல. வேலையே போய்விட்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள வழி இருக்கிறதா என்று படிக்கட்டும். சிங்கப்பூர்த் தனியார் வீடுகளின் இரண்டு வருட ஒப்பந்தங்களில் அதற்கென்றே 'டிப்ளமேட்டிக் கிளாஸ்' என்று ஒரு நிபந்தனையை எழுதச் சொல்லிக் கேட்பது வழக்கம். கேட்டால்தான் எழுதுவார்கள்.

நம் பையன் என்ன செய்தான் என்று சொல்லவில்லையே. அப்பத்தாவின் கேள்விக்கு மேப்பைத் திறந்தான். ஊருக்கு நடுவே இருந்த வீட்டிலிருந்து சந்தைக்கு நடந்தால் 20 நிமிடம், இடையில் பெரிய சாலையும் மேம்பாலப் படிக்கட்டும். செங்காங் வீட்டிலிருந்து சந்தை 6 நிமிடம், கிளினிக் 4, ரயில் 7. லேப்டாப்பை மனைவி பக்கம் திருப்பி வைத்தான். அவள் சந்தையைப் பார்த்தாள், நூலகம் எங்கே என்று தேடினாள், அப்புறம் செங்காங் என்றாள். ஆபீசுக்கு அவன் தினமும் 40 நிமிடம் ரயிலில் போக வேண்டும். போகட்டும், உட்கார இடம் கிடைத்தால் நம் பத்திரிகையைப் படிக்கலாம்.

வாசகர்களே, குறிப்பாக வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகளே, நீங்கள் முதலில் குடிபோன வீட்டைப் பற்றி எங்களுக்கு எழுதுங்கள். வாடகை எவ்வளவு என்பதைவிட, கீழே இறங்கினால் எது எத்தனை நிமிடத்தில் இருந்தது என்று எழுதுங்கள். கிளம்பக் காத்திருக்கிற குடும்பங்களுக்காக அடுத்த இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்