பெருந்தன்மையைக் கேட்டு வாங்க முடியாது

2023 நவம்பர் 6 அன்று டெல்லியில் நடந்த உலகக் கோப்பை ஆட்டத்தில், இலங்கையின் ஏஞ்சலோ மேத்யூஸ் ஒரு பந்தைக்கூடச் சந்திக்காமல் வெளியேறினார். ஹெல்மெட்டின் பட்டை அறுந்துபோக, மாற்று ஹெல்மெட் வரட்டும் என்று அவர் நின்றிருந்தபோது, வங்கதேச கேப்டன் ஷகிப் அல் ஹசன் நடுவரிடம் முறையிட்டார். புதிதாக வரும் பேட்ஸ்மேன் 2 நிமிடங்களுக்குள் பந்தைச் சந்திக்கத் தயாராக இருக்க வேண்டும் என்பது அந்தத் தொடரின் விதி. முறையீட்டைத் திரும்பப் பெற ஷகிப் மறுத்துவிட்டார். சர்வதேச கிரிக்கெட்டில் ‘டைம்டு அவுட்’ ஆன முதல் வீரர் என்ற பெயர் மேத்யூஸுக்கு வந்து சேர்ந்தது. ஆட்டம் முடிந்த பிறகு இரு அணியினரும் கைகுலுக்கிக்கொள்ளவும் இல்லை.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு இதே மேத்யூஸ் எதிர்ப்பக்கம் நின்றிருந்தார். 2014 ஜூனில் எட்ஜ்பாஸ்டன் ஒருநாள் ஆட்டத்தில், பந்து வீசப்படும் முன்பே மறுமுனையில் கிரீஸை விட்டு நகர்ந்த ஜாஸ் பட்லரை சசித்ர சேனநாயக்க ரன் அவுட் செய்தார். அன்று இலங்கையின் கேப்டன் மேத்யூஸ்தான். ஏற்கெனவே எச்சரித்தோம், விதிக்கு உட்பட்டே நடந்தோம் என்று அவர் தன் பந்துவீச்சாளரின் பக்கம் உறுதியாக நின்றார். இங்கிலாந்து ரசிகர்கள் கூச்சலிட்டார்கள்.

மேத்யூஸைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. விக்கெட் நமக்குக் கிடைத்தால் விதி, நம்முடையது விழுந்தால் விளையாட்டு உணர்வு என்று மாற்றிப் பேசாத அணியோ ரசிகர் கூட்டமோ எந்த நாட்டிலும் இல்லை. 2023 ஜூலையில் லார்ட்ஸ் டெஸ்டில், பந்து முடிந்துவிட்டது என்று நினைத்துக் கிரீஸை விட்டு வெளியே நடந்த ஜானி பேர்ஸ்டோவை ஆஸ்திரேலிய விக்கெட் கீப்பர் அலெக்ஸ் கேரி ஸ்டம்பிங் செய்தபோது, இங்கிலாந்தே கொந்தளித்தது. ஆனால் 1882-இல் ஓவல் டெஸ்டில், ஆடுகளத்தைத் தட்டிச் சரிசெய்யக் கிரீஸை விட்டு நகர்ந்த ஆஸ்திரேலியாவின் சாமி ஜோன்ஸை ரன் அவுட் செய்தவர் இங்கிலாந்தின் டபிள்யூ.ஜி. கிரேஸ். அந்தக் கோபத்தோடு பந்து வீசிய ஆஸ்திரேலியாவின் ஸ்போஃபோர்த் 7 விக்கெட்டுகளைச் சாய்க்க, இங்கிலாந்து 7 ரன்னில் தோற்றது. ஆஷஸ் என்ற பெயரே அந்தத் தோல்வியிலிருந்து பிறந்ததுதான்.

ஆக, சண்டை பழையது. அதில் யார் சரி என்று தீர்ப்பெழுதுவதைவிட, சட்டத்தையும் பெருந்தன்மையையும் எந்த இடத்தில் எப்படிக் கையாள்வது என்று ஓர் இணக்கத்துக்கு வருவதே இன்றைய தேவை.

கேட்க உரிமை உள்ளதும் இல்லாததும்

சட்டத்தை மதிக்கும்படி எதிரணியிடம் கேட்க நமக்கு உரிமை உண்டு. பெருந்தன்மையை அப்படிக் கேட்க முடியாது. அழைக்காத வீட்டில் போய் விருந்து எங்கே என்று அதட்டுவதுபோல் ஆகிவிடும் அது. கொடுப்பவர் தானாகக் கொடுத்தால்தான் அதற்குப் பெருந்தன்மை என்று பெயர்.

1987 உலகக் கோப்பையில் லாகூரில் மேற்கிந்தியத் தீவுகளின் கோர்ட்னி வால்ஷ் அதைத்தான் கொடுத்தார். பாகிஸ்தானின் கடைசி ஜோடி களத்தில் இருந்தது. கடைசிப் பந்தை வீச ஓடிவந்த வால்ஷ், மறுமுனையில் சலீம் ஜாஃபர் கிரீஸை விட்டு வெகுதூரம் போயிருப்பதைக் கண்டு நின்றார். பெயில்ஸைத் தட்டியிருந்தால் வெற்றி. அவர் எச்சரித்துவிட்டுத் திரும்பிப் போனார். அடுத்து வீசிய பந்தில் அப்துல் காதிர் தேவையான ரன்களை எடுத்தார். மேற்கிந்தியத் தீவுகள் அந்த முறை அரையிறுதிக்கே போகவில்லை.

1980 பிப்ரவரியில் பம்பாயில் நடந்த பொன்விழா டெஸ்டில் இந்திய கேப்டன் குண்டப்பா விஸ்வநாத் செய்ததும் அதே வகை. இங்கிலாந்து 58 ரன்னுக்குள் 5 விக்கெட்டுகளை இழந்து தத்தளித்த ஆட்டம் அது. நடுவர் அவுட் கொடுத்த பாப் டெய்லரின் மட்டையில் பந்து படவில்லை என்று ஸ்லிப்பில் நின்ற விஸ்வநாத் நம்பினார். அவரைத் திரும்ப அழைத்தார். டெய்லரும் போத்தமும் சேர்ந்து 171 ரன் குவித்தார்கள். இந்தியா 10 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. வால்ஷும் விஸ்வநாத்தும் தங்கள் பெருந்தன்மைக்கான விலையைத் தாங்களே கொடுத்தார்கள். எதிரணியிடம் பதிலுக்கு எதையும் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் எல்லாரும் வால்ஷாக இருந்தாக வேண்டும் என்று நிர்ப்பந்திப்பது நியாயமில்லை. 2019 மார்ச்சில் ஜெய்ப்பூர் ஐபிஎல் ஆட்டத்தில் நம்மூர் அஸ்வின் அதே பட்லரை அதே முறையில் ரன் அவுட் செய்தபோது, உலகம் முழுவதிலிருந்தும் அவருக்கு அறவுரை வந்தது. ஓர் அங்குல வித்தியாசத்தில் ரன் அவுட் தீர்மானமாகும் ஆட்டத்தில், முன்கூட்டியே ஓரடி திருடும் பேட்ஸ்மேனுக்கு அந்த அறவுரையில் பங்கு இல்லாமல் போனது. 1947-இல் சிட்னியில் பில் பிரவுனை இப்படி அவுட் ஆக்கிய வினூ மன்கட்டின் பெயரைக் கிரிக்கெட் உலகம் பல்லாண்டுகள் வசைபோலப் பயன்படுத்தியது. அன்றைய ஆஸ்திரேலிய கேப்டன் பிராட்மேனே மன்கட் செய்ததில் தவறில்லை என்று எழுதியிருந்தும் அது நின்றபாடில்லை.

சட்டத்தைத் திருத்த வேண்டிய இடம்

வழக்கத்துக்கும் விதிக்கும் இடைவெளி விழும்போது, விதியைத் திருத்துவது நிர்வாகத்தின் கடமை. 1981 பிப்ரவரி 1 அன்று மெல்போர்னில், கடைசிப் பந்தில் சிக்ஸர் அடித்தால் நியூசிலாந்து சமன் செய்யலாம் என்ற நிலையில், ஆஸ்திரேலிய கேப்டன் கிரெக் சாப்பல் சொன்னபடி அவருடைய தம்பி டிரெவர் பந்தைத் தரையோடு உருட்டிவிட்டார். அன்றைய விதி அதைத் தடுக்கவில்லை. இரு நாட்டுப் பிரதமர்களும் கண்டித்தார்கள். பிறகு விதியே மாறியது. மக்களின் சினம் சட்டமானது; பிரச்சினை அத்தோடு தீர்ந்தது.

மறுமுனை ரன் அவுட்டிலும் அது நடந்தாயிற்று. கிரிக்கெட் சட்டங்களை வகுக்கும் எம்.சி.சி., 2022 அக்டோபர் முதல் அதை ‘முறையற்ற ஆட்டம்’ என்ற 41-ஆம் சட்டத்திலிருந்து எடுத்து, ‘ரன் அவுட்’ என்ற 38-ஆம் சட்டத்தில் சேர்த்தது. அதற்குச் சில நாட்கள் முன்பு லார்ட்ஸில் இந்தியாவின் தீப்தி சர்மா இங்கிலாந்தின் சார்லி டீனை இப்படி அவுட் ஆக்கியபோதும், பந்து கையை விட்டுப் போகும்வரை கிரீஸில் நில்லுங்கள் என்றுதான் எம்.சி.சி. அறிவுறுத்தியது. இனி இதை ஏமாற்று என்று சொல்ல யாருக்கும் முகாந்திரம் இல்லை.

முறையிடும் முன் ஒரு கேள்வி

அப்படியானால் பெருந்தன்மைக்கு இடமே இல்லையா? சட்டமே இடம் வைத்திருக்கிறது. முறையிடாமல் நடுவர் அவுட் கொடுக்க முடியாது. கொடுத்த பிறகும், பேட்ஸ்மேன் மைதானத்தை விட்டுப் போகும் முன், நடுவரின் சம்மதத்தோடு கேப்டன் முறையீட்டைத் திரும்பப் பெறலாம். அந்த உரிமையை எப்போது பயன்படுத்துவது என்பதில்தான் இணக்கம் வேண்டும்.

ஒரே கேள்வி போதும்: அவுட் ஆனவர் என்ன செய்துகொண்டிருந்தார்? பந்துக்கு முன்பே ஓடி ஆதாயம் தேடினார் என்றால், சட்டம் பாயட்டும். கவனக்குறைவாக நடந்தார் என்றால், பேர்ஸ்டோவைப் போல, அது அவர் பிழை; மன்னிப்பதும் மறுப்பதும் எதிரணியின் விருப்பம். உபகரணம் உடைந்தோ, மோதி விழுந்தோ, அடிபட்டோ அவுட் ஆனார் என்றால், அந்த விக்கெட்டை வேண்டாம் என்று சொல்வதே அழகு. 2022 பிப்ரவரியில் ஓமனில், பந்துவீச்சாளர் மீது மோதி விழுந்த அயர்லாந்தின் ஆண்டி மெக்பிரைனை ரன் அவுட் செய்யும் வாய்ப்பு கையில் இருந்தும் நேபாள விக்கெட் கீப்பர் ஆசிஃப் ஷேக் ஸ்டம்பைத் தொடவில்லை. நேபாளம் தோற்றது. அந்த ஆண்டின் ஐசிசி ‘ஸ்பிரிட் ஆஃப் கிரிக்கெட்’ விருது அவருக்குத்தான் கிடைத்தது.

இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் எட்ஜ்பாஸ்டனில் மேத்யூஸ் செய்தது சரி. டெல்லியில் அவருக்கு நேர்ந்தது சட்டப்படி செல்லும், ஆனால் தவிர்த்திருக்க வேண்டியது.

தொழில்முறை ஆட்டத்தில் கோடிகள் புரள்கின்றன, வீரரின் வாழ்வாதாரமே அதுதான், இதில் தாராளம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் தாராளத்தைக் கட்டாயமாக்கக் கூடாது என்கிறோம். கட்டாயம் இல்லை என்பதற்காக அது தேவையில்லாததாகிவிடாது.

பார்வையாளருக்கும் பங்கு உண்டு

இந்தப் பொறுப்பை 22 வீரர்கள் தலையில் மட்டும் சுமத்திவிட்டு நாம் ஒதுங்க முடியாது. 1999 ஜனவரி 31 அன்று சேப்பாக்கத்தில் சச்சின் 136 ரன் எடுத்தும் இந்தியா 12 ரன்னில் தோற்றது. நெஞ்சு கனத்த அந்தக் கூட்டம் எழுந்து நின்று கைதட்ட, பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி வந்தது. அடுத்த மாதமே கொல்கத்தாவில், ஷோயப் அக்தருடன் மோதியதால் கிரீஸை எட்ட முடியாமல் சச்சின் ரன் அவுட் ஆனார். சட்டப்படி தீர்ப்பு சரி, மனத்துக்கு ஒப்பவில்லை. கூட்டம் பொருட்களை வீசியது. கடைசியில் அரங்கைக் காலி செய்துவிட்டுத்தான் ஆட்டத்தை முடிக்க முடிந்தது. பேர்ஸ்டோ அவுட் ஆன அன்று லார்ட்ஸின் லாங் ரூமில் ஆஸ்திரேலிய வீரர்களிடம் அத்துமீறிய உறுப்பினர்கள் 3 பேரை எம்.சி.சி. இடைநீக்கம் செய்ததையும் சேர்த்துப் பார்த்தால், படிப்பும் அந்தஸ்தும் இதற்குக் காப்பு இல்லை என்று தெரியும்.

வர்ணனையாளர்களும் பத்திரிகைகளும் தம் நாட்டு வீரர் செய்தால் சாமர்த்தியம், பிற நாட்டவர் செய்தால் தந்திரம் என்று எழுதுவதை நிறுத்த வேண்டும். பயிற்சியாளர்கள், மறுமுனையில் நிற்பவர் பந்துவீச்சாளரின் கையைப் பார்த்துவிட்டு நகரப் பழக்க வேண்டும். அவுட் ஆன பிறகு நடந்துகொள்ளும் விதமும் பயிற்சியில் சேர வேண்டும். 2022-இல் டிஎன்பிஎல் ஆட்டமொன்றில் இப்படி ரன் அவுட் ஆன ஒரு பேட்ஸ்மேன், ஆத்திரத்தில் ஆபாசச் சைகை காட்டிவிட்டுப் பிறகு பொதுவெளியில் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

எளிதாகத் தொடங்கக்கூடிய ஒன்று உண்டு. பள்ளி ஆட்டமோ மாவட்ட லீக்கோ எதுவானாலும், டாஸ் போடும் முன் இரு கேப்டன்களும் நடுவர்களும் ஒரு நிமிடம் பேசிக்கொள்ளட்டும்: கிரீஸை விட்டு முன்கூட்டி நகர்ந்தால் எச்சரிக்கை இல்லாமலே அவுட், மோதலிலோ உபகரணக் கோளாறிலோ வரும் விக்கெட்டை இரு தரப்பும் கேட்பதில்லை. இதற்குச் செலவும் இல்லை, சட்டத் திருத்தமும் வேண்டாம். முன்பே சொல்லிவிட்ட பிறகு எந்த விக்கெட் விழுந்தாலும், ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்ல யாருக்கும் இடம் இருக்காது.