கொட்டிய முடி திரும்ப முளைக்குமா?



பண்டத்தரிப்பில் வீடுகளுக்குச் செல்லும்போது பெண்கள் தயங்கித் தயங்கி என்னிடம் கேட்பது இது: "பிள்ளை, சீப்பு முழுக்கத் தலைமயிர் வருது. இனி முளைக்காதோ?" காணாமற்போன கணவரைத் தேடி அலையும் அக்கா ஒருவருக்கும் இதே கவலை. "அது அவளின்ர விதி" என்றார் பக்கத்து வீட்டம்மா. விதியல்ல, சகோதரிகளே. இது உடலின் செயல். இதை விளங்கிக்கொண்டால் பயமும் குறையும், வீண்செலவும் குறையும்.

முடி கெரற்றின் என்னும் புரதத்தால் ஆனது. நகத்திலும் மாட்டுக் கொம்பிலும் இருப்பது இவ்வகைப் புரதமே. முடி முளைக்கும் சிறு குழியை மயிர்ப்புடைப்பு என்பார்கள். அதன் அடியில் உயிருள்ள கலங்கள் பெருகி, கெரற்றினால் நிரம்பி, இறந்து, முடியாக மேலே வருகின்றன. மாதத்திற்கு ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர் வளரும். ஆகவே வெளியே தெரியும் முடிக்கு உயிரில்லை. கெரற்றின் கலந்தது என்று விற்கும் ஷம்பு முடியைப் பளபளப்பாக்கலாம். புது முடியை முளைக்க வைக்காது.

ஒரு முடி 2 முதல் 6 ஆண்டுகள் வரை வளர்ந்து, சுமார் 3 மாதம் ஓய்ந்து, பின் உதிரும். நாளுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது வழமை. கடுங்காய்ச்சல், பிள்ளைப்பேறு, பட்டினி, பேரிழப்பு ஆகியவற்றின்போது ஏராளமான முடிகள் ஒன்றாக ஓய்வுக்குப் போய்விடும். அவை 2, 3 மாதம் கழித்தே கொட்டுவதால் காரணம் நமக்குப் பிடிபடுவதில்லை. நெடுநாள் மன அழுத்தத்தில் சுரக்கும் ஓமோன், புது முடியைத் தொடக்கிவைக்கும் மூலக்கலங்களை ஓய்விலேயே நிறுத்திவைப்பதை 2021இல் ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளில் கண்டார்கள். அக்கலங்கள் சாகவில்லை. இப்படிக் கொட்டும் முடி, காரணம் நீங்கினால் பெரும்பாலும் சில மாதங்களில் திரும்ப முளைக்கத் தொடங்கும்.

ஆனால் தீக்காயமோ ஷெல் காயமோ ஆழமாகப் பட்டுத் தழும்பான இடத்தில் புடைப்பே அழிந்திருக்கும். அங்கு எந்த எண்ணெய் பூசினாலும் முளைக்காது. வட்டமாக முடி போனாலோ, தலைத்தோல் சிவந்து நொந்தாலோ, 6 மாதத்திற்கு மேலும் கொட்டினாலோ அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். குருதிச்சோகை, தைரொயிட் குறைபாடு உண்டா என்று இரத்தத்தைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். இரும்புச்சத்துக் குளிசை தந்தால் தேநீரோடு குடிக்க வேண்டாம். தேநீர் அச்சத்தை உடலில் சேரவிடாது.

கெரற்றினை உடல் நாம் உண்ணும் புரதத்திலிருந்தே உண்டாக்குகிறது. முட்டை, பயறு, உழுந்து, மாதகல் பக்கமிருந்து வரும் சிறுமீன் போதும். முருங்கையிலை வறையில் தேசிக்காய்ப் புளி விட்டால் அதிலுள்ள இரும்புச்சத்து நன்கு சேரும். பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்துவிட்டு, சட்டியில் மிஞ்சிய குழம்போடு சாப்பிட்டு எழும்புவது எங்கள் பெண்களின் வழக்கம். குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்ணுக்கு அது கட்டுபடியாகாது. இன்றைக்குச் சமைக்கும் மீனில் ஒரு துண்டை முதலிலேயே உங்களுக்கென்று எடுத்து வையுங்கள்.