ஏ.என்.32: வராத உதிரி பாகமும் வாங்காத உதிரி பாகமும்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காந்தி சிலை அருகே மாலையில் காற்று வாங்குபவர்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்குமோ தெரியாது. எதிரே விரியும் இதே வங்கக் கடலில்தான் 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப்படையின் ஏ.என்.32 போக்குவரத்து விமானம் காணாமல் போனது. உள்ளே இருந்தவர்கள் 29 பேர். அதில் 8 பேர் விசாகப்பட்டினம் கடற்படை ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்த சிவிலியன் ஊழியர்கள்.

இந்த விமானத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே "அரதப் பழசு, உதிரி பாகம் கிடைக்காது" என்று முடித்துவிடுவார்கள். பாதி உண்மைதான். சோவியத் காலத்தில் கீவ் நகரின் அன்டோனோவ் நிறுவனம் வடிவமைத்த விமானம் இது. வெயிலும் உயரமும் அதிகமான இடங்களிலிருந்து எழும்ப வேண்டும் என்பதற்காக 5000 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட இரண்டு என்ஜின்களை இறக்கைக்கு மேலே தூக்கி வைத்திருப்பார்கள். இந்தியாவுக்கு 1984 முதல் வந்தது. 1991-ல் சோவியத் யூனியன் உடைந்ததும் தயாரித்தவர்கள் உக்ரைனில், சில பாகங்கள் ரஷ்யாவில் என்று ஆகிவிட்டது! 2009-ல் சுமார் 40 கோடி டாலருக்கு 105 விமானங்களைப் புதுப்பிக்க உக்ரைனோடு ஒப்பந்தம் போட்டார்கள். 40 அங்கே, மீதி கான்பூரில். 2014-ல் கிரிமியாவை ரஷ்யா எடுத்துக்கொண்ட பிறகு பாகங்கள் வருவது தடைபட்டு, கான்பூர் வேலை இழுத்தது. 2022 போருக்குப் பிறகு கேட்கவே வேண்டாம்.

சரி, உக்ரைனிலிருந்து வராததற்கு நாம் பொறுப்பில்லை. ஆனால் எந்த நாட்டிலும் வாங்கக்கூடிய ஒரு சின்னப் பொருள் அந்த விமானத்தில் இல்லை என்று 2016-லேயே செய்திகள் வந்தனவே, அதற்கு யார் பொறுப்பு? தண்ணீருக்குள் விழுந்தால் "இங்கே இருக்கிறேன்" என்று ஒலி எழுப்பும் கருவி அது. கைக்குள் அடங்கும், பேட்டரியில் சுமார் 30 நாள் சத்தம் கொடுக்கும். அதில் இருந்த அவசர சமிக்ஞைக் கருவிகளோ தண்ணீருக்கு அடியில் வேலை செய்யாதவை.

அது இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். 2015 ஜூன் 8 அன்று கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம் 3 பேருடன் நம் பக்கத்துக் கடலில் விழுந்தது. அதன் ஒலியைச் சிந்துத்வஜ் நீர்மூழ்கிக் கப்பல் பிடித்தது. ஒரு மாதத்தில் பிச்சாவரத்துக்கு அப்பால் கிட்டத்தட்ட 1000 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். இது நடந்து ஓராண்டுக்குப் பிறகும் ஏ.என்.32 அந்தக் கருவி இல்லாமல் கடல் தாண்டப் பறந்திருக்கிறது!

கருவி இருந்திருந்தால் 29 பேரும் பிழைத்திருப்பார்கள் என்று யாரும் சொல்லவில்லை. 3400 மீட்டர் ஆழத்திலிருந்து சத்தம் மேலே கேட்டிருக்குமா என்பதும் நியாயமான கேள்வி. ஆனால் கேட்க முயற்சி செய்யவாவது ஏதாவது இருந்திருக்கும். அந்தக் குடும்பங்களுக்குக் கிடைத்தது 2016 செப்டம்பரில் "இறந்ததாகக் கருதப்படுகிறார்கள்" என்ற கடிதம்தான். சென்னையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தூரத்தில் உடைந்த பாகங்கள் கிடைத்த செய்தி 2024 ஜனவரியில் வந்தது. படமெடுத்தது பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லாக் கருவி. ஏழரை வருடம்!

பிரான்சில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். 2009-ல் ஏர் பிரான்ஸ் 447 அட்லாண்டிக்கில் விழுந்து, ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்துத்தான் சிதைவுகள் கிடைத்தன. விசாரணை முடியும் வரைகூட அவர்கள் காத்திருக்கவில்லை. 30 நாள் பேட்டரியை 90 நாளாக்கச் சொல்லி அந்த 2009-லேயே பரிந்துரைத்தார்கள். அவர்கள் 30 போதாது என்று சண்டை போட்ட காலத்தில் இங்கே ஒரு நாள் பேட்டரிகூட இல்லை.

ஏ.என்.32-க்குப் பதிலாக நடுத்தரப் போக்குவரத்து விமானம் வாங்கும் பேச்சு நடக்கிறது. எத்தனை டன் தூக்கும், எந்த நாட்டோடு கூட்டு என்றுதான் விவாதம் எல்லாம். அந்த ஒப்பந்தத்தில் இந்தக் கருவிக்கும், அதன் பேட்டரியை மாற்றுவதற்கும் ஒரு வரி இருக்கிறதா என்று நாடாளுமன்றத்தில் யாராவது ஒரு உறுப்பினர் கேட்டால் நன்றாக இருக்கும். புதுச்சேரி உறுப்பினராக இருந்தால் இன்னும் நல்லது.