மாமனாரும் மாப்பிள்ளையும்

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்பார்கள். நான் ரெண்டையும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தங்கைக்குத் தை மாசம் கல்யாணம். ஃப்ளாட்டுக்கு இன்னும் 17 வருஷத் தவணை பாக்கி. ராத்திரி தூக்கம் வராமல் புரட்டிய புத்தகத்தில் நமக்குத் தோதாக ரெண்டு பேர் கிடைத்தார்கள். ஆஸ்திரேலியாக்காரர்கள்.

மாமனார் அலெக்ஸாண்டர் மக்லே. நியூ சவுத் வேல்ஸ் காலனியின் செயலாளர். நம்ம ஊர் சீஃப் செக்ரட்டரி மாதிரின்னு வெச்சுக்குங்களேன். 1826-ல் சிட்னியில் வந்து இறங்கியபோது கூடவே மனைவி, ஆறு பெண்கள், அப்புறம் பெட்டி பெட்டியாகச் செத்த பூச்சிகள். பூச்சி சேகரிப்பதில் அப்படியொரு பைத்தியம். ஆறு பெண்களைப் பெற்றவருக்குப் பூச்சி வாங்கக் காசு எங்கேயிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். கடன்தான்!

1829-ல் மகள் மார்கரெட்டுக்குக் கல்யாணம். செயலாளர் வீட்டுக் கல்யாணம் என்றால் சும்மாவா? மாப்பிள்ளை கேப்டன் ஆர்ச்சிபால்ட் இன்னஸ், ஸ்காட்லாந்துக்காரர். ராணுவத்தை உதறிவிட்டு, போர்ட் மக்வாரி பக்கம் ஏரிக்கரையில் அரண்மனை மாதிரி ஒரு வீடு எழுப்பினார். பேரு லேக் இன்னஸ். வேலை செய்தவர்கள் கப்பலேற்றிக் கொண்டுவந்த கைதிகள். கூலி கிடையாது, சோறும் துணியும்தான். அது பிர்பாய் பழங்குடிகளின் மண். அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டில் விருந்து, நடனம், பேக்பைப் ஊதுவதற்கென்றே ஒரு ஆள்! அங்கே தங்கியிருந்த அண்ணன் மகள் அனபெல்லா எல்லாவற்றையும் டைரியில் எழுதி வைத்திருக்கிறாள்.

மாப்பிள்ளை கட்டினால் மாமனார் விடுவாரா? சிட்னி துறைமுகத்தைப் பார்த்த மாதிரி, அரசாங்கம் கொடுத்த 54 ஏக்கரில், 1835-ல் எலிசபெத் பே மாளிகையை ஆரம்பித்தார். நடுவே முட்டை வடிவக் கூடம், மேலே குவிமாடம், சுவரோடு வளைந்து ஏறும் படிக்கட்டு. முன்பக்கத்துத் தூண் வரிசைக்கு வரும்போது கை காலி. 1837-ல் பதவியும் போச்சு. 1845-ல், அப்பாவுக்குக் கடன் கொடுத்திருந்த மூத்த மகன் வில்லியமே வீட்டை எடுத்துக்கொண்டார். கிழவர் வெளியேறினார். பூச்சிகளும் மகனுக்கே.

மாப்பிள்ளை கதை இன்னும் மோசம். 1840-ல் கைதிக் கப்பல் நின்றது. ஓசி ஆள் கிடையாது. கூடவே பொருளாதார மந்தம். ஆனாலும் 1847-ல் கவர்னர் பிட்ஸ்ராய் வந்தபோது உபசாரத்துக்குக் குறைச்சலில்லை. (கடன்காரன் வீட்டு விருந்துதான் எப்போதுமே பிரமாதமாக இருக்கும்.) கடைசியில் திவால். அரண்மனைக்காரர் மாதச் சம்பளத்துக்கு உத்தியோகம் பார்த்து 1857-ல் கண்ணை மூடினார். இன்றைக்கு லேக் இன்னஸ் காட்டுக்குள்ளே இடிந்த செங்கல் சுவர். மாமனார் வீடு மியூசியம்.

அம்மாவிடம் இதை விலாவாரியாகச் சொன்னேன்.

"அதெல்லாம் இருக்கட்டும்டா, மீதி அஞ்சு பொண்ணுக்கும் கல்யாணம் ஆச்சா?" என்றாள்.

நாளைக்கு மண்டபத்துக்கு அட்வான்ஸ் கட்டப் போகிறேன். ரிசப்ஷன் பாண்டு கோஷ்டியை மட்டும் 'கட்' பண்ணியாச்சு. தங்கை இன்னும் என்னோடு பேசவில்லை.