பூட்டும் சாவியும் உள்ளே

மாடிப்படிக்குக் கீழே, பூட்டிய அறையில், பச்சை விளக்குகள் மினுக்கிக்கொண்டிருக்கும் தட்டையான பெட்டியைப் பல அலுவலகங்களில் பார்த்திருப்பீர்கள். அதுதான் ஸ்விட்ச். எல்லாக் கம்ப்யூட்டர்களின் ஒயர்களும் அங்கேதான் சங்கமம். பூட்டு வெறும் சாஸ்திரத்துக்கு. அதை நிர்வகிப்பவர் அந்த அறைப்பக்கம் தலைகாட்டுவதே இல்லை. தன் மேஜையிலிருந்து, அல்லது வேறு ஊரிலிருந்து, நெட்வொர்க் வழியாகவே உள்ளே போய்விடுகிறார். சிஸ்கோ தயாரிப்புகளில் பொதுவாக ஒரே சமயத்தில் 16 பேர் இப்படி நுழைய இடமுண்டு. வேலை இருப்பதோ ஒருவருக்கு.

பழைய வழி டெல்நெட். இதில் பாஸ்வேர்ட் தபால் கார்டில் எழுதிய கடிதம் மாதிரி போகிறது. வழியில் எட்டிப்பார்ப்பவர் படித்துக்கொள்ளலாம். ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் யாரோ அப்படிப் படித்துவிட, 1995இல் அங்கிருந்த டாடு யூலோனன் எழுதியதுதான் எஸ்.எஸ்.எச். இது எல்லாவற்றையும் சங்கேதமாக்கி அனுப்புகிறது. ஆனாலும் டெல்நெட் சாகவில்லை. 2017 மார்ச்சில் விக்கிலீக்ஸ் வெளியிட்ட சி.ஐ.ஏ. ஆவணங்களைப் புரட்டிய சிஸ்கோ, தன் 300க்கும் மேற்பட்ட ஸ்விட்ச் மாடல்களில் டெல்நெட் வழியாகப் பாஸ்வேர்டே இல்லாமல் நுழைய முடியும் என்று கண்டுபிடித்தது. திருத்தம் வந்தது மே மாதம். அதுவரை டெல்நெட்டை மூடுங்கள் என்பதே ஆலோசனை.

எஸ்.எஸ்.எச். மட்டும் போதுமா? போதாது. உலகம் முழுவதும் வந்து கதவைத் தட்டலாம் என்று விட்டுவிட்டு, பூட்டை மட்டும் நம்புவது என்ன புத்திசாலித்தனம்? இன்னின்ன ஐ.பி. முகவரியிலிருந்து வந்தால் மட்டும் விடு என்று ஒரு பட்டியல் கொடுத்துவிட்டால், மற்றவர்களுக்குப் பாஸ்வேர்ட் கேட்கும் திரைகூட வராது. நாலு வரிதான். பலர் ஏன் அதை எழுதுவதில்லை என்றால், பயம்.

பயத்தில் நியாயமும் இருக்கிறது. எனக்குத் தெரிந்த டெல்லி இன்ஜினீயர் ஒருவர், குவாஹாட்டி கிளையின் ஸ்விட்சுக்கு இந்தப் பட்டியலை எழுதினார். தன் முகவரியில் ஒரு இலக்கம் பிசகிவிட்டது. பட்டியல் புதிதாக வருபவர்களைத்தான் தடுக்கும், ஏற்கனவே உள்ளே இருப்பவரைத் துரத்தாது. அதனால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. சமர்த்தாகச் சேமித்துவிட்டு வெளியே வந்தார். மறுபடி நுழையப் போனால், கதவு சாத்தியிருக்கிறது.

சேமிக்கும் முன் இன்னொரு ஜன்னலைத் திறந்து நுழைந்து பார்த்திருக்கலாம். அல்லது 10 நிமிடத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகும்படி முதலிலேயே சொல்லி வைத்திருக்கலாம். சேமிக்காத தப்பு தானே அழிந்திருக்கும். இரண்டையும் பிற்பாடு அவரே சொன்னார், லேப்டாப்பும் இளநீலக் கன்சோல் கேபிளுமாக குவாஹாட்டிக்கு விமானம் ஏறி இறங்கிய பிறகு.